பாதிக் கதையில் பேசியவர்கள்: பாலவனத்தம் வட்டாரமும் தமிழ்ப் பெருங்கதை வாசிப்பும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் பாலவனத்தம். சுற்றிலும் கரிசல் மண், மானாவாரி வேளாண்மை. தெற்கே திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடும். இவ்வூரின் பெயரைத் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைக்கச் செய்தவர் அதன் ஜமீன்தாராக இருந்த பொன். பாண்டித்துரைத் தேவர் (1867–1911). நூல்களை அச்சிடவும், படிக்கவும், படித்ததைப் பற்றி வாதிடவும் ஓர் இடம் வேண்டும் என்று 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவர்.

நீண்ட கதை ஒன்றைப் படிப்பவர்கள் அது முடியும் முன்பே நடுவழியில் நின்று தங்களுக்குள் பேசிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இவன் நல்லவனா, அவள் யார் மகள், அடுத்து என்ன நடக்கும், ஆசிரியர் இப்படிச் செய்யலாமா என்ற பேச்சு இல்லாமல் எந்தப் பெருங்கதையும் வளர்ந்ததில்லை. தமிழில் இந்தப் பேச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. அது கோயில் மண்டபத்தில் தொடங்கி, புலவர் அவை வழியாக, வார இதழ்களுக்கு வந்து சேர்ந்தது. கதையின் நடுவே பேசும் உரிமை யாருக்கு இருந்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியது. அந்த மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

மழைக்காக ஒரு பருவம்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த, முதலாம் பரமேசுவரவர்மன் என்ற பல்லவ மன்னனின் ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்று, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்காக நிலத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறது. பாண்டிய நாட்டிலும் பாரதத்துக்கு அத்தகைய இடம் இருந்தது. மூன்றாம் இராசசிம்மனின் சின்னமனூர்ச் செப்பேடு, பாண்டியர் பாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அடுத்தடுத்த பெருமைகளாகச் சொல்கிறது.

பாரதம் ஒரே மூச்சில் படிக்கும் நூலன்று. ஒருவர் படிப்பார், ஊர் கேட்கும். பதினெட்டுப் பருவமும் முடிய நாட்கணக்காகும், சில இடங்களில் மாதக்கணக்காகும். அன்றைய பகுதி முடிந்து எழுந்து போகும்போது கேட்டவர்கள் பேசிக்கொண்டு போவார்கள். சூதாட்டத்துக்குத் தருமன் ஒப்பியது சரிதானா, கர்ணனுக்கு நடந்தது நியாயமா என்ற கேள்விகள் இன்றும் பட்டிமன்றத் தலைப்புகளாக இருக்கின்றன என்றால், அவை இந்த நடுவழிப் பேச்சில் பிறந்தவை என்று கொள்ளலாம். முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். ஆகவே பேச்சு முழுவதும் 'என்ன ஆகும்' என்பதைப் பற்றி இராமல் 'இது தகுமா' என்பதைப் பற்றியே இருந்தது.

மழை பொய்த்த ஊர்களில் இந்த வாசிப்புக்கு வேறொரு வடிவமும் உண்டு. மழை வேண்டி விராட பருவத்தை மட்டும் படிப்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்த வழக்கம். பதினெட்டில் நான்காவது பருவம் அது. பாண்டவர்கள் வேறு பெயர்களில் விராடன் நாட்டில் மறைந்திருக்கும் ஆண்டின் கதை. அவர்களைக் கண்டுபிடிக்க வழி கேட்கும்போது, தருமன் இருக்கும் நாட்டில் காலம் தவறாமல் மழை பெய்யும், பயிர் விளையும், பசுக்கள் பெருகும், அங்கே போய்த் தேடுங்கள் என்கிறார் பீஷ்மர். ஒற்றர்களுக்குத் துப்பாகச் சொல்லப்பட்டதை ஊர் தனக்கான வரமாக எடுத்துக்கொண்டது. முதலும் முடிவும் இல்லாமல் பெருங்கதையின் நடுப்பகுதி ஒன்றைத் தனியே எடுத்துத் தன் தேவைக்குப் பயன்படுத்திய வாசிப்பு இது. கண்மாய் வறண்ட நாட்டில் இதைவிடப் பொருத்தமான தேர்வு இருக்க முடியாது.

குறுக்கிட்டவர்கள்

புதிய நூலைப் பொறுத்தவரை, நடுவழியில் பேசும் உரிமை புலவர்களுக்குரியதாக இருந்தது. அரங்கேற்றம் என்பது இன்றைய நூல் வெளியீட்டு விழாவைப் போன்றதன்று. ஆசிரியர் பாடிப் பொருள் சொல்ல, அவையோர் எந்த இடத்திலும் நிறுத்திக் கேட்கலாம். காஞ்சி குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதற்செய்யுளின் புணர்ச்சிக்கே தடை எழுந்து, அன்று மேலே செல்ல முடியாமல் போயிற்று என்பது செவிவழிக் கதை. கம்பர் திருவரங்கத்தில் அரங்கேற்றும்போது, வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலம் ஏன் என்று கேட்டார்களாம். அங்கிருந்த நரசிங்கப் பெருமாளே தலையசைத்து ஒப்புக்கொண்டதாக அக்கதை முடியும். இவை நடந்தனவா என்பது வேறு. கதை பாதியில் இருக்கும்போது கேட்பவர் எழுந்து மறுப்பதும், ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டியிருப்பதும் தமிழர் மனத்தில் இயல்பான காட்சியாக இருந்தன என்பதற்கு இவை சான்று.

பாண்டித்துரைத் தேவர் அந்த மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை பொன்னுசாமித் தேவர் ஆறுமுக நாவலரையும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் ஆதரித்தவர். மதுரைக்கு வந்த பாண்டித்துரையார் ஒரு சொற்பொழிவுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டபோது நகரில் எளிதில் கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே சங்கத்துக்கு வித்தாயிற்று என்றும் சொல்வார்கள். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலை என்ற நூலகமும், 1902 முதல் 'செந்தமிழ்' மாத இதழும் வந்தன. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-ல் சங்கத்தின் வழியே அச்சேறியது. புராண இதிகாசப் பாத்திரங்கள் யார் யார் என்று படிக்கும்போதே புரட்டிப் பார்த்துக்கொள்ளக் கூடிய முதல் பெரிய தமிழ்த் தொகுப்பு அது. கதையின் நடுவில் 'இந்தப் பெயரை எங்கோ கேட்டோமே' என்று தடுமாறுகிற வாசகருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை இன்றைய மாணவர்களும் அதைப் புரட்டினால் உணர்வார்கள்.

ஆனால் மண்டபத்து வாசிப்பும் புலவர் அவையும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. இதே வட்டாரத்தில், கமுதிக் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு 1908-ல் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. வழக்குத் தொடுத்த தரப்பில் இருந்தவர் பாண்டித்துரையாரின் உறவினரும் சங்கத்தின் புரவலருமான பாஸ்கர சேதுபதி. தமிழுக்கு வாரி வழங்கிய அதே கைகள் கோயில் வாசலை அடைத்தும் நின்றன. பாரதம் வாசிக்கும் மண்டபத்துக்குள் கால் வைக்க முடியாதவருக்கு அங்கே நடக்கும் பேச்சிலும் இடமில்லை.

பெரிய எழுத்து

அவர்களுக்குக் கதை வேறு வழியில் வந்தது. சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் விற்ற 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் அந்த வழி. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு, விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை ஆகியவை மலிவுத் தாளில் விளக்கு வெளிச்சத்தில் படிக்கத் தக்க பருத்த எழுத்துகளில் அச்சிடப்பட்டன. இன்று மிகுபுனைவு என்று வழங்கும் வகைக்குத் தமிழில் முன்னோடி தேடுகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். அல்லி மதுரையை ஆண்ட அரசி. ஆண்களை அண்டவிடாதவள். அருச்சுனன் பாம்பாக உருமாறி அவளிடம் போகிறான். வியாசர் எழுதாத இந்தக் கதையைப் பாண்டிய நாடு தனக்காகச் சேர்த்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அல்லியின் பக்கம் பேசியவர்களும் அருச்சுனன் பக்கம் பேசியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இக்கதைகளை நாடகமாக்கியபோது கொட்டகை நிறைந்தது. அவர் பாண்டித்துரையார் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர்.

தனியாக, வாய்விடாமல் படிக்கும் வாசிப்பும் இதே காலத்தில் பரவத் தொடங்கியிருந்தது. திருச்சுழியில் 1879-ல் பிறந்து, பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட வேங்கடராமன், மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்த பெரியபுராணத்தைத் தற்செயலாக எடுத்துப் படித்து உருகினார். அவர் படித்தது யாரோடும் பேசிப் பகிராத வாசிப்பு. 1896-ல் அவர் திருவண்ணாமலைக்குப் புறப்படுவதற்குச் சற்று முன் அது நிகழ்ந்தது. புத்தகம் ஒன்று ஒருவர் கையில் தனியாக இருந்தால் என்ன செய்யும் என்பதற்கு இந்த வட்டாரம் தந்த எடுத்துக்காட்டு.

முடியாமல் நின்றவை

தொடர்கதை வந்த பிறகு 'நடு' என்ற சொல்லின் பொருளே மாறியது. அதுவரை நடுவில் நின்றவர் கேட்பவர் மட்டுமே. நூல் முழுதாக எங்கோ இருந்தது. இப்போது ஆசிரியரும் நடுவிலேயே நின்றார்.

'விவேக சிந்தாமணி' இதழில் அ. மாதவையா 1892-ல் 'சாவித்திரி சரித்திரம்' எழுதத் தொடங்கினார். சில இதழ்களோடு அது நின்றுபோனது. 1903-ல்தான் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் முழுநூலாக வந்தது. அதே இதழில் 1893 முதல் வந்த ராஜம் அய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' நல்லபடியாக முடிந்தது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் வந்தது. கதையல்ல என்றாலும் கதையைப் போலவே வாரந்தோறும் காத்திருந்து படிக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்தார். வாசகர்கள் 1899-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு பாதியிலேயே விடப்பட்டார்கள். இதில் ஒரு விந்தையும் உண்டு. ஐயர் 1924-ல் பதிப்பித்த கொங்குவேளிரின் 'பெருங்கதை', தொடக்கமும் முடிவும் கிடைக்காமல் நடுப்பகுதி மட்டும் எஞ்சிய நூல். உதயணன் கதையை இன்றுவரை தமிழர்கள் அந்நூலில் நடுவிலிருந்தே படிக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1840–41-ல் 'தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' கதையை வாரத் தொடராக எழுதியபோது, சிறுமி நெல்லைக் கொன்றுவிடாதீர்கள் என்று வாசகர்கள் மன்றாடிக் கடிதம் எழுதினார்கள். அவர் கேட்கவில்லை. நம் காலத்து மிகுபுனைவுப் பெருநாவல்களிலும் இதே நிலைதான். 'வீல் ஆஃப் டைம்' வரிசையை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-ல் காலமானார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் 2013-ல் முடித்தார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-ல் தொடங்கிய வரிசையின் ஐந்தாம் நூல் 2011-ல் வந்தது. அதற்கடுத்த நூலுக்காக வாசகர்கள் பத்தாண்டுக்கும் மேலாகக் கதையின் நடுவில் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏறத்தாழ 185 வாரங்கள்

தமிழில் இந்தக் காத்திருப்பின் உச்சம் 'பொன்னியின் செல்வன்'. 'கல்கி' இதழில் 1950 அக்டோபர் 29 அன்று தொடங்கி 1954 மே 16 வரை வந்தது. 'புது வெள்ளம்', 'சுழற்காற்று', 'கொலை வாள்', 'மணிமகுடம்', 'தியாக சிகரம்' என ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். தொடங்கியபோது பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை முடியும்போது பத்தாம் வகுப்பை எட்டிக்கொண்டிருக்கும்.

1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு 18.33 விழுக்காடு. ஆகவே ஓர் இதழை ஒருவர் மட்டும் படித்தார் என்று கணக்கிடக் கூடாது. வீட்டில் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டார்கள். பெரிய எழுத்துப் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்த அதே கூட்டம் இப்போது வார இதழைச் சுற்றி உட்கார்ந்தது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்திருந்தது. கிளை நூலகங்களும், அரசியல் இயக்கங்கள் நடத்திய படிப்பகங்களும் சிற்றூர்களில் மெல்லப் பரவின. படிப்பகத்து மேசையில் கிடக்கும் இதழை யாரும் எடுக்கலாம். மண்டபத்துக்கு இருந்த வாசற்படி அதற்கு இல்லை. நடுவழியில் பேசும் உரிமை முதன்முறையாக எல்லாரிடமும் வந்து சேர்ந்த இடம் அதுதான். இதைத் தொடர்கதையின் இலக்கியத் தரத்தைக் காட்டிலும் பெரிய செய்தியாகவே கொள்ள வேண்டும்.

வார இடைவெளிக்குத் தனி வேலை உண்டு. முழுநூலைக் கையில் வைத்திருப்பவர் ஐயம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டியவர் அடுத்தவரிடம்தான் கேட்பார். நந்தினி யார்? வீரபாண்டியனுக்கு அவள் என்ன முறை? ஈழத்துக் கடலோரம் திரியும் ஊமை ராணிக்கும் அவளுக்கும் முகம் ஏன் ஒத்திருக்கிறது? ஆழ்வார்க்கடியான் யாருடைய ஒற்றன்? இளவரசர் அருள்மொழி கடலில் மூழ்கினார் என்ற செய்தி சோழ நாடெங்கும் பரவும் இடத்தில், கதைமாந்தர்கள் அழுதுகொண்டிருக்க, அவர் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் இருப்பது வாசகருக்கு மட்டும் தெரியும். தெரிந்தவர் தெரியாதவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற நாகரிகமும் அப்போதுதான் உருவாயிற்று. பாரதம் கேட்டவர்களுக்கு முடிவைச் சொல்லிவிடுவது குற்றமாக இருந்ததே இல்லை. 'கதையைச் சொல்லிவிடாதே' என்ற கெஞ்சல் தொடர்கதை பெற்ற பிள்ளை.

பொன்னியின் செல்வன் இதிலும் சற்று வேறுபட்டது. அதன் முடிவு வரலாற்று நூல்களில் ஏற்கெனவே இருந்தது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' ஆங்கிலத்தில் வந்திருந்தது. தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' தமிழிலேயே அண்மையில் வெளியாகியிருந்தது. அருள்மொழி 985-ல் இராசராசனாக அரியணை ஏறுவார் என்பது பள்ளிப் பாடம். ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான் என்பதும், அவனைக் கொன்றவர்களாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோர் குறிக்கப்படுவதும் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளவை. அந்தக் கல்வெட்டு இருப்பது காட்டுமன்னார்கோயிலில், வீராணம் ஏரிக்குப் பக்கத்தில். கதையின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதும் அதே வீரநாராயண ஏரிக்கரையில்தான். ஆடிப் பெருக்கு நாளில் அவன் பார்க்கும் நீர்ப்பரப்புக்கு மிக அருகிலேயே முடிவு கல்லில் வெட்டப்பட்டுக் காத்திருந்தது. அப்படியிருந்தும் வாசகர்கள் பேசுவதை நிறுத்தவில்லை. யார் கொன்றார் என்ற கேள்வியைக் கல்கி கடைசிவரை பல பக்கமும் சாயவிட்டார். கல்வெட்டு சொன்னதை ஏற்காமல் வாதிடுவதற்கு வாசகருக்கு அவர் கொடுத்த இடம் அது.

கதை முடிந்ததும் வாசகர்கள் நிறைவடையவில்லை. இன்னார் என்ன ஆனார், இன்னாருக்குத் திருமணம் நடந்ததா என்று கேட்டு எழுதினார்கள். முடிவுரையில் கல்கி அக்கேள்விகளை எடுத்துக்கொண்டு வரலாற்றில் உள்ள செய்திகளைக் கொண்டு பதில் சொன்னார். அரங்கேற்றத்தில் புலவர் கேட்ட கேள்விக்குக் கவிஞர் பதில் சொன்னதைப் போலத்தான் இதுவும். கேட்டவர்கள் இப்போது அஞ்சலட்டை வாங்க முடிந்த எவரும். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார்.

பல வீடுகளில் வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்தார்கள். அந்தத் தொகுப்புகளில் இடையிடையே துணுக்கும் விளம்பரமும் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏதாவது ஒரு வாரம் விடுபட்டும் இருக்கும். விடுபட்ட வாரத்தில் என்ன நடந்தது என்பதை அதைப் படித்த இன்னொருவர் வாயால் கேட்டே ஒரு தலைமுறை அறிந்தது.

பாண்டிய நாட்டிலிருந்து படித்தால்

பொன்னியின் செல்வன் காவிரி நாட்டுக் கதை. பெருகி ஓடும் ஆறு, நிறைந்த ஏரி, நெல் விளையும் வயல். கரிசல் காட்டு வாசகருக்கு அதன் முதல் பக்கமே மிகுபுனைவுதான். ஆனால் இந்த வட்டாரத்துக்கு அக்கதையோடு இன்னும் நெருங்கிய, சற்றுச் சங்கடமான உறவு ஒன்று உண்டு.

கதையின் சதிகாரர்கள் பாண்டியனின் ஆபத்துதவிகள். தங்கள் மன்னன் வீரபாண்டியனின் தலையை வெட்டிய ஆதித்த கரிகாலனைப் பழிவாங்கச் சூளுரைத்தவர்கள். அவர்கள் இரவில் கூடுமிடம் திருப்புறம்பியம் பள்ளிப்படை, அதாவது இறந்த மன்னன் ஒருவனுக்காக எடுத்த நினைவுக் கோயில். சோழர் பக்கம் நின்று கதை சொல்லப்படுவதால் அவர்கள் கொடியவர்களாகத் தெரிகிறார்கள். வரலாற்றில் வீரபாண்டியன் பெயரளவில் வாழ்ந்த குறுநில மன்னன் அல்லன். 'சோழன் தலைகொண்ட' என்ற அடைமொழியோடு கல்வெட்டுகளில் நிற்பவன். அவன் கொண்டது எந்தச் சோழனின் தலை என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பதிலுக்கு ஆதித்தன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று எழுதிக்கொண்டான். ஒரு தலைக்கு ஒரு தலை.

திருச்சுழிக்கு அருகிலுள்ள பள்ளிமடத்தில் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்னும் பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. இன்று காளைநாதர் கோயில் என்று வழங்கும் அதில் சோழன் தலைகொண்ட வீரபாண்டியனின் கல்வெட்டுகள் உள்ளன. நாவலில் மீன் சின்னம் பொறித்த வாளும் பள்ளிப்படையும் மர்மப் பொருள்களாக வரும். பாலவனத்தத்திலிருந்து ஒரு பகல் நடையில் அந்த மன்னனின் பெயர் கல்லில் இருக்கிறது. கதையின் பாதியில் நிற்கும் வாசகர் ஒருவர் இதை அறிந்தால் அவருக்கு இரவிதாசன் வெறும் சதிகாரனாகத் தெரிய மாட்டான். தோற்ற நாட்டின் மனிதனாகவும் தெரிவான். நூல் முடிந்த பிறகு இப்படித் தோன்றுவது கடினம். அதற்குள் ஆசிரியரின் தீர்ப்பு வாசகர் மனத்தில் உறைந்துவிடும். நடுவில் மட்டுமே பக்கம் மாறலாம்.

பாண்டியர் பக்கத்துக் கதையும் பின்னர் வந்தது, அதுவும் அதே கல்கி இதழில். இன்றைய விருதுநகர் மாவட்டத்து நதிக்குடியில் 1932-ல் பிறந்த நா. பார்த்தசாரதி, கல்கியின் மறைவுக்குப் பிறகு அவ்விதழில் சேர்ந்து 'பாண்டிமாதேவி'யைத் தொடராக எழுதினார். முன்பு சொன்ன சின்னமனூர்ச் செப்பேட்டின் மன்னனான இராசசிம்மனும் அவன் தாய் வானவன்மாதேவியும் அதன் முதன்மை மாந்தர்கள். சோழர் படைக்குத் தோற்று, முடியையும் செங்கோலையும் எடுத்துக்கொண்டு ஈழத்துக்குப் போன அரசனின் கதை. பொன்னியின் செல்வனில் எல்லாரும் தேடும் பாண்டிய மணிமுடி ஈழத்துக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று கேட்டவர்களுக்கு, பாண்டிய நாட்டு எழுத்தாளர் ஒருவர் தம் பக்கத்திலிருந்து சொன்ன பதில் என்று அதைப் படிக்கலாம். சோழர் கதைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. வென்றவர் கதையே விரும்பப்படுவது வாசிப்பிலும் உண்டு.

அவருடைய சமூக நாவலான 'குறிஞ்சி மலர்' தொடராக வந்த நாட்களில் பூரணி, அரவிந்தன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பலர். அது வேறு வகைப் பாதிப்பு.

அண்மைக் காலம்

ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியாயிற்று. 26 நாவல்கள் கொண்ட பாரத மறுஆக்கம். படித்தவர்கள் நாள்தோறும் எழுதிய கடிதங்கள் அதனோடு சேர்ந்தே வெளியாயின. புதுச்சேரி போன்ற ஊர்களில் மாதந்தோறும் கூடி, கதை நடந்துகொண்டிருக்கும்போதே விவாதித்தார்கள். வார இடைவெளி ஒரு நாளாகச் சுருங்கியது. கதையின் முடிவு தெரிந்தே 'இது தகுமா' என்று பேசும் மண்டபத்துப் பேச்சும், அடுத்த பகுதிக்குக் காத்திருக்கும் வார இதழ்ப் பேச்சும் இதில் ஒன்றாகச் சேர்ந்தன. விராட நாட்டு மறைவு வாழ்க்கையைச் சொல்லும் 'நீர்க்கோலம்' 2017-ல் வந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு ஜனவரியில் அறிவித்த ஆண்டு அது.

மணிரத்னம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் திரைக்கு வந்தன. முதல் பாகம் அருள்மொழி கடலில் மூழ்கும் இடத்தில் நிறுத்தப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன் தாத்தா பாட்டிகள் நின்ற அதே இடத்தில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஏழு மாதம் நின்றார்கள். நந்தினி யார் என்ற கேள்வி மறுபடியும் வீடுகளில் எழுந்தது. இம்முறை விடை தெரிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களாக இருந்தார்கள்.